தேய்ந்த புஷ்: எதை வீட்டில் மாற்றலாம், எதைப் பட்டறைக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: சாப்டூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 2014 மாடல் மகிந்திரா தார் ஜீப் (சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின்), நான்கு சக்கர இயக்கம். ஓடைக்குள் இறங்கி ஏறித்தான் தோப்புக்குப் போக வேண்டும். சில மாதங்களாக வேகத்தடையில் முன்பக்கம் ‘டொக்’ என்று அடிக்கிறது. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. முன்னும் பின்னும் எல்லாப் புஷ்களையும் (இரும்பு இணைப்புகளுக்கு நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் குழல்கள்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் செட் வாங்கினால் தேயவே தேயாது, நாமே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கடப்பாரையை எடுங்கள். வண்டி சமதரையில் நிற்கட்டும். ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை) சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், சேரும் இடத்தில் கடப்பாரை நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அமுங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே வரும். போன ரப்பரில் வெடிப்பு வாய் திறக்கும். நடுவில் இருக்க வேண்டிய இரும்புக் குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் சேர்க்கும் குண்டு மூட்டு) மீதோ வீல் பேரிங் மீதோ போக வேண்டும். ‘டொக்’ சத்தத்துக்கு அவையும் காரணமாகலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும் என்பதால், அதில் ஆட்டம் இருந்தால் முதல் வேலை அதுதான். பிரேக்கில் ஒதுங்குவதற்கு ஒரு பக்க காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இறுகியிருப்பதும் காரணமாக இருக்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகு, போன புஷ்ஷை மட்டும் இடமும் வலமுமாக ஜோடியாக மாற்றினால் போதும். மொத்தச் செட்டும் தேவையா என்பதை மெக்கானிக்கின் வாய் சொல்ல வேண்டாம், கடப்பாரை சொல்லட்டும்.

உங்கள் வண்டியில் பின்னால் ஸ்பிரிங் பட்டை, முன்னால் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி). பட்டைப் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றலாம். சேசிஸை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தனி ஜாக்கியால் தாங்கி, பட்டையில் பாரம் இல்லாதபடி செய்துகொண்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் போங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்தக் கல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடையும். அடியில் படுக்கப்போவது நீங்கள்.

முன்பக்கம் வேறு கதை. டார்ஷன் பார் முறுக்கிய நிலையில் இருக்கிறது. அந்த முறுக்கைத் தளர்த்தாமல் ஆர்மைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். முறுக்கைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதி, பாரிலும் அது சேரும் இடத்திலும் பெயின்டால் ஒரே கோடாக இழுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இதில் கைப்பழக்கம் இல்லையென்றால் முன்பக்கத்தை மெக்கானிக்கிடமே விடுங்கள். நீங்களே கழற்றினாலும், புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்வது நல்லது. சுத்தியலால் அடித்து இறக்கினால் வெளிக்குழல் நெளியும். கேஸ் வைத்துப் பழைய ரப்பரை எரிப்பதை நான் ஒப்புவதில்லை. புகை நஞ்சு, ஆர்முக்கும் கேடு. ரப்பர் புஷ் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ டீசலோ பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பலரும் கோட்டை விடுவது கடைசியாகப் போல்ட் இறுக்குவதில்தான். ஆர்ம் புஷ்ஷில் ரப்பர், உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். குழல் சுழலாது, ரப்பர்தான் முறுகிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். புதுப் புஷ் சீக்கிரம் கிழிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழி மட்டும் கடைக்காரர் தலையில் விழும். வேலை தொடங்கும் முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். எல்லாவற்றையும் கையிறுக்கமாக மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, குறித்த உயரம் வந்த பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நைலான் பூட்டு நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். முன்பக்கம் தொட்டால் வீல் அலைன்மென்ட் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புஷ்ஷில் மிச்சம் பிடித்ததை டயரில் விடுவீர்கள்.

மைத்துனர் சொல்லும் பாலியூரிதேன் மோசமில்லை. ஆனால் தேயவே தேயாது என்பது விற்பவர் பேச்சு. அதில் குழல் சுழலும் என்பதால் உரிய கிரீஸ் வேண்டும். காய்ந்தாலோ மண் புகுந்தாலோ கிறீச்சிடும். அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். ஓடை மணலில் தினமும் இறங்கும் வண்டிக்கு நான் கம்பெனி ரப்பரையே வாங்குவேன்.

வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். ரப்பர் அலமாரியில் இருந்தே கிழடாகும் பொருள் என்பதால் ஆண்டு முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். பில்லில் 28 என்று இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: திருமங்கலத்தில் வாங்கிய புஷ்ஷில் பொட்டலம் பிரிக்கும்போதே வெடிப்பு. கடையில் பில் தரவில்லை; ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பலகை சட்டத்தை மாற்றாது. யு.பி.ஐ.யில் பணம் கட்டிய பதிவும், பொட்டலத்தோடு சேர்த்து எடுத்த வெடிப்பின் படமும் சான்றாக உதவும். புஷ்ஷை வண்டியில் மாட்டிவிடாதீர்கள். மாட்டினால் நீங்கள்தான் கிழித்தீர்கள் என்பார்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால், அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும் முதல் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும்.