மழை பெய்தால் பேச்சே கேட்கவில்லை!
வீடும் கூரையும்: வாசகர் கேள்விகளுக்கு வேலூர் கூரை மேஸ்திரியின் பதில்கள்

கேள்வி: மொட்டை மாடியில் ரூம் எடுத்து கலர் ஷீட் போட்டிருக்கிறோம். சாயங்காலம் இடிமழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் அங்கேதான் படிக்கிறாள். தெர்மோகோல் அடித்தால் சத்தம் நின்றுவிடும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. தெர்மோகோல் வெயிலுக்குத்தான் ஆகும். நம்ம ஊர் கத்திரி வெயிலைக் கொஞ்சம் தாங்கும், மழைச் சத்தத்தைத் தாங்காது. சத்தத்தை மறிக்க ஒன்று கனம் வேண்டும், இல்லை அதை உள்ளே வாங்கி அடக்குகிற பஞ்சு போன்ற பொருள் வேண்டும். தெர்மோகோலில் இரண்டும் இல்லை. தீப்பிடித்தால் வேறு ஆபத்து.

கலர் ஷீட் அரை மில்லிமீட்டர் தடிமன்கூடப் பெரும்பாலும் இருக்காது. ஒரு துளி விழுந்தால் பறைத் தோல் மாதிரி தகடே அதிரும். அந்த அதிர்வை அடக்குவதுதான் முதல் வேலை. ரூமுக்குள் நின்று ஒரு குச்சியால் ஷீட்டை அங்கங்கே தட்டிப் பாருங்கள். ‘தட்’ என்று அடங்கினால் சரி. ‘ஜல்ல்ல்’ என்று இழுத்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து உதிர்ந்திருக்கும். வாஷரை மாற்றி முறுக்கச் சொல்லுங்கள். ரொம்ப முறுக்கினால் வாஷர் நசுங்கி ஒழுகும்.

அடுத்து, கார் கதவுக்குள் அதிர்வை அடக்க ஒட்டுகிற டேம்பிங் ஷீட். கார் ஆக்சஸரீஸ் கடையில் கிடைக்கும். தார் வகை நம்ம வெயிலுக்கு இளகிவிடும், பியூட்டைல் ரப்பர் வகை கேளுங்கள். கூரை ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தூசியில்லாமல் துடைத்து, மேடு பள்ளத்துக்கு நடுவே தட்டையாக இருக்கும் இடங்களில் துண்டு துண்டாக அழுத்தி ஒட்டினால் போதும். முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. இதைப் பார்க்காமல் நேராக சீலிங்குக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், காசு வீணாகிறதே என்று.

இதற்கும் அடங்காவிட்டால் ஜிப்சம் சீலிங் போட்டு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் தடிமனில் ராக்வூல் என்கிற கல் பஞ்சைப் பரப்புங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சீலிங் கம்பியை ஷீட்டிலோ அதைத் தாங்கும் பைப்பிலோ மாட்டவே கூடாது. மாட்டினால் கம்பி வழியாகவே சத்தம் இறங்கிவிடும். சுவருக்குச் சுவர் தனி ஃபிரேம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒழுகலை முதலில் அடையுங்கள். ராக்வூல் நனைந்தால் பயனில்லை.

ஷீட்மேல் தென்னங்கீற்று பரப்பினாலும் சத்தம் நன்றாகக் குறையும், செலவும் கம்மி. ஆனால் ஐப்பசியில் மழையும் வரும், தீபாவளி ராக்கெட்டும் வரும். நெருக்கமான தெருவில் நான் சொல்ல மாட்டேன். வேலை முடிகிற வரைக்கும் மழை நேரத்தில் பாப்பா கீழே வந்து படிக்கட்டும்.

கேள்வி: தாத்தா காலத்து மங்களூர் ஓட்டு வீடு. ஒழுகுகிறது. பிரித்துவிட்டு ஷீட் போடலாம் என்கிறார் அண்ணன். வயதான அம்மா அந்த வீட்டில்தான் தூங்குகிறார்.
- வாசகர், விரிஞ்சிபுரம்

பதில்: தம்பி, ஓட்டைப் பிரிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஓடு சுட்ட மண், கனமானது. தனித்தனித் துண்டாக உட்கார்ந்திருப்பதால் ஓர் ஓட்டின் அதிர்வு பக்கத்து ஓட்டுக்கு அவ்வளவாகப் போகாது. ஷீட்டுக்கு மாற்றினால் அம்மாவின் தூக்கம் போய்விடும். ஒழுகல் பெரும்பாலும் முகட்டு ஓட்டின் சாந்து விட்டுப்போனதாலோ, நாலைந்து ஓடு உடைந்ததாலோதான் இருக்கும். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்றும் பார்த்து, ஆவணிக்குள் மாற்றிவிடுங்கள். ஷீட் போட்டே தீர வேண்டுமென்றால் அதைக் கீழே போட்டு, ஓட்டை மேலே அடுக்கலாம். கைமரம் அந்தக் கனத்தைத் தாங்குமா என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போட்டு சீலிங் தொங்கவிடலாமா?
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: கூடவே கூடாது. துளைத்தாலும் அறுத்தாலும் கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தேய்த்துக் கழுவவும் செய்யாதீர்கள். சீலிங்கைச் சுவரில் ஆங்கிள் அடித்துத் தாங்குங்கள்.

கேள்வி: எங்களுடையது கான்கிரீட் வீடு. ஆனாலும் ராத்திரி மழையில் பெட்ரூமில் டங் டங் சத்தம் வருகிறது.
- வாசகி, காட்பாடி

பதில்: தளத்தில் இருக்காது. ஜன்னலுக்கு மேலே தகர சன்ஷேட் அல்லது ஏசி வெளிப்பெட்டி இருக்கும், மாடித் தண்ணீர் அதன்மேல் சொட்டும். செயற்கைப் புல் விரிப்பை அளவாக வெட்டி அதன்மேல் கட்டுங்கள். ஏசி பெட்டியின் காற்று வழியை மட்டும் மூடாதீர்கள்.