கண்ணைப் பாத்து மனநோயைக் கண்டுபிடிக்கலாமோ?

கேள்வி: டொக்டர், என்ட தம்பிக்கு 24 வயசு, ரெண்டு வருஷமா ஸ்கிசோஃப்ரீனியா எண்ட மனநோய்க்கு குளிசை எடுக்கிறார். கண் அசையிறதை மூளை ஸ்கேனோட சேத்துப் பாத்தா இந்த வருத்தம் தெரியுமாம் எண்டு கனடா மாமா வட்ஸ்அப்பில அனுப்பி, காசு தாறன் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு ஒரே நிக்கிறார். அம்மாவும் அவன்ட பார்வை முந்தி மாதிரி இல்லை எண்டுறா. போறதோ?
- வாசகி, சுன்னாகம்

பதில்: மாமா அனுப்பினது முழுப்பொய்யில்லை பிள்ளை, ஆனா அதுக்காக கொழும்புக்கு வெளிக்கிட வேண்டாம்.

விஷயம் பழசு. 1908 லயே அமெரிக்காவில டீஃபென்டோர்ஃப், டொட்ஜ் எண்ட ரெண்டு பேர் ஊசலைப் பாக்கச் சொல்லி நோயாளியளின்ட கண்ணைப் படம் பிடிச்சவை. ஊஞ்சல்ல ஆடுற பிள்ளையை நாங்கள் பாக்கேக்க கண் வழுக்கிக்கொண்டு கூடவே போகும், இந்த வருத்தக்காரர் கனபேருக்கு அது பிந்தி நிண்டு, பேந்து ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு பிடிக்கும். பிறகு ஒருத்தரும் பெரிசா திரும்பிப் பாக்கேல்ல, 1973 லதான் ஃபிலிப் ஹோல்ஸ்மன் எண்ட அமெரிக்க உளவியலாளர் திரும்பக் கையில எடுத்தார், அடுத்த வருஷம் வருத்தமே இல்லாத சகோதரங்கள், தாய் தகப்பன் சிலருக்கும் இது இருக்கெண்டு காட்டினார். (உடன கண்ணாடிக்கு முன்னால போய் நிக்காதேங்கோ, அதுக்கு வருத்தம் வரும் எண்டு அர்த்தமில்லை.)

இன்னொரு சோதனையும் இருக்கு, வலப்பக்கம் வெளிச்சம் மின்னினா இடப்பக்கம் பாக்கவேணும், அவ்வளவுதான். லேசு எண்டு நினைப்பியள், ஆனா பின்னால பஸ் ஹோர்ன் அடிச்சா திரும்பாம இருக்கேலுமோ? நல்ல சுகமா இருக்கிற ஆக்களும் பிழைவிடுவினம், இந்த வருத்தக்காரர் இன்னும் கூடுதலா விடுவினம். அந்த இழுப்பை அடக்கிறது நெத்திக்குப் பின்னால இருக்கிற முன்மூளை. ஆளை எஃப்எம்ஆர்ஐ எண்ட, மூளை வேலை செய்யிறதைப் படம் பிடிக்கிற மெஷினுக்குள்ள படுக்கவைச்சு இதைச் செய்விக்கேக்க எந்த இடத்துக்கு ஒட்சிசன் ரத்தம் கூடப் போகுதெண்டு பாக்கலாம். முன்மூளையில கண்ணை ஓட்டுறதுக்கெண்டே ஒரு துண்டு இருக்கு, ஊசல் மாதிரி அசையிற ஒண்டைப் பின்தொடரேக்க அது இவைக்கு குறைவா வேலை செய்யுதெண்டு சில ஆய்வுகளில வந்திருக்கு.

ஆனா இதெல்லாம் கொஞ்ச நோயாளியளையும் கொஞ்ச சுகமான ஆக்களையும் ரெண்டு கூட்டமா வைச்சு சராசரி பாத்த கதை. தனி ஒராளின்ட படத்தைப் பாத்து இவருக்கு இருக்கு, இவருக்கு இல்லை எண்டு சொல்லேலாது, மனநிலை அளவுக்கு மிஞ்சி ஏறி இறங்கிற பைபோலார் வருத்தத்திலயும் கண் இப்பிடித் தடுமாறும், நித்திரைத் தூக்கமும் மருந்தும்கூட மாத்தும். சில நேரம் டொக்டர்மார் சாதாரண ஸ்கேன் எடுக்கிறது கட்டி கிட்டி இல்லையெண்டு பாக்க, அது வேற. உங்கட தம்பிக்கு வருத்தம் என்னெண்டு ஏற்கனவே கதைச்சுப் பாத்து கண்டுபிடிச்சாச்சு, இனி அந்தப் படம் குளிசையை மாத்தப் போறதில்லை. மாமாவின்ட காசை கிளினிக்குக்குப் போய்வாற செலவுக்கு வைச்சிருங்கோ.

அம்மா சொன்னதைத்தான் நான் பெரிசா எடுக்கிறன். முகம் விறைச்ச மாதிரி, கண் வெட்டாம ஒரே பாக்கிறது குளிசையாலயும் வரும், அடுத்த கிளினிக்கில சொல்லுங்கோ, டோஸைப் பாத்து மாத்துவினம். ஆனா கண் ரெண்டும் மேல சொருகி கீழ இறக்கேலாம நிண்டா, கழுத்தும் ஒரு பக்கம் இழுத்தா, கண்ணூறு எண்டு நூல் கட்டிக்கொண்டு நிக்காம உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அது மருந்தின்ட பக்கவிளைவு, ஒரு ஊசியோட பெரும்பாலும் கெதியா இறங்கிடும். அதுக்குப் பயந்து குளிசையை மட்டும் நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, எந்தக் குளிசைக்கு அப்பிடி வந்ததெண்டு எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.