எடைக்குக் கொடுக்கும் முன் காசைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். 1970-களில் இங்கே வேலைக்கு வந்த என் மாமனார், பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். போன வருடம் காலமானார். காசுகள் என் மனைவிக்கு வந்திருக்கின்றன. 1881, 1921, 1922 என்று ஆண்டு போட்ட ஒரு டாலர் காசுகள் 12, கால் டாலர்கள் 40. எல்லாம் 1964-க்கு முந்தியவை. ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? சில காசுகள் கறுத்திருக்கின்றன. விபூதி போட்டுத் துலக்கினால் கூடக் கிடைக்குமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். துலக்காதீர்கள். விபூதி, புளி, பாலிஷ், பற்பசை எதுவும் வேண்டாம். அச்சடித்தபோது காசின் மேல் விழுந்த பளபளப்பு ஒரு மெல்லிய பரப்பில்தான் இருக்கிறது. ஒரு தடவை தேய்த்தால் போனதுதான், திரும்ப வராது. தேய்த்த காசைத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்து, தர எண் தராமல் அனுப்பிவிடும். சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்பைக் குறையாகப் பார்ப்பதில்லை. நல்ல நிறம் பிடித்த காசுக்குக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு.

சரி, எடைக்குக் கொடுக்கலாமா? முதலில் அந்த எடை விலை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு டாலர் காசு 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. அதாவது 0.7734 டிராய் அவுன்ஸ் (வெள்ளிக்கு விலை சொல்லும் எடை அளவு, சுமார் 31.1 கிராம்). வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு காசில் சுமார் 23 டாலர் வெள்ளி இருக்கிறது. 40 கால் டாலர் என்பது முகமதிப்பில் 10 டாலர்; தேய்மானம் போக சுமார் 7.15 அவுன்ஸ் என்று வியாபாரிகள் கணக்கிடுவார்கள். விற்கும் நாளின் வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்குங்கள். கால் டாலர்களில் 1932 என்று இருந்தால் மட்டும் பின்பக்கம் கழுகுக்குக் கீழே, அச்சான இடத்தைக் குறிக்கும் D அல்லது S என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். மற்றவை நன்றாகத் தேய்ந்திருந்தால் எடைக்கே போகட்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை.

டாலர் காசுகள் அப்படியல்ல. 1881 காசைத் திருப்பி, பின்பக்கம் கழுகுக்குக் கீழே இருக்கும் மாலையின் முடிச்சுக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். S என்றால் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. அந்த வருடம் அங்கே 1 கோடியே 27 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். CC என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. அங்கே அடித்தது 2,96,000 மட்டுமே. ஒரே வருடம், ஒரே படம், ஒரே வெள்ளி. ஆனால் CC காசு தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு போகும். கடைக்காரர் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடை பேசினாரா என்பது எனக்கு உறுத்துகிறது.

1921-இல் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் இரண்டு விதமான டாலர் வந்தது. கழுகு சிறகை விரித்திருந்தால் அது மார்கன் டாலர் (உங்கள் 1881 காசும் இதே வகைதான்); 1921-இல் மிகச் சாதாரணம். சிறகை மடக்கிப் பாறைமேல் நின்றால் அது பீஸ் டாலர். சுமார் 10 லட்சம்தான் அச்சானது, நல்ல விலை உண்டு. 1922 பீஸ் டாலர் கோடிக்கணக்கில் அடித்தது, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டும் எழுத்தும் தெரிந்த பிறகு, தேய்மானம். மார்கன் டாலரில் முன்பக்கப் பெண் முகத்தின் காதுக்கு மேலே உள்ள முடியும், பின்பக்கக் கழுகின் மார்பும்தான் முதலில் மழுங்கும். அங்கே முடியிழையும் இறகும் தெளிவாகத் தெரிந்தால் தரம் உயர்கிறது. காசுகளைத் தரம் பார்க்கும் பிசிஜிஎஸ் நிறுவனம் 1 முதல் 70 வரையிலான தர அளவில் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, உங்கள் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலைக்கு, ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை கணக்கில்லை. விலைப்பட்டியல் புத்தகத்தில் இருப்பதும் கடையில் நாம் வாங்கும் விலை; விற்கப் போனால் அதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள்.

CC காசோ 1921 பீஸ் டாலரோ கிடைத்தால் அதை மட்டும் பிசிஜிஎஸ் அல்லது அதே வேலை செய்யும் என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எழுத்தை ஒட்டிவைத்த போலிகளும் உண்டு என்பதால் அந்தச் செலவு தகும். சாதாரணக் காசுக்கு அனுப்பினால் கட்டணமும் தபாலும் சேர்ந்து வரும் லாபத்தைத் தின்றுவிடும். மற்றவற்றுக்கு இரண்டு மூன்று கடைகளில் தனித்தனியாக விலை கேளுங்கள், மொத்தமாகப் பேசவே வேண்டாம்.

அப்புறம் வரி. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு அமெரிக்காவில் 28 சதவீதம் வரை மத்திய வரி உண்டு. ஆனால் வாரிசாக வந்த சொத்துக்குப் பொதுவாக, வைத்திருந்தவர் இறந்த நாளின் சந்தை மதிப்புதான் அடக்க விலை; அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். எனவே அன்றைய வெள்ளி விலையையும், அதை ஒட்டி விற்று முடிந்த ஏல விலைகளையும் இப்போதே எடுத்துக் கோப்பில் வையுங்கள். மாமனார் எத்தனைக்கு வாங்கினார் என்ற பழைய ரசீதைத் தேடி அலைய வேண்டியதில்லை.