நாடகம், வானொலி, விளம்பரம், அனிமேஷன்: முன்தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதானா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். முன்தயாரிப்புக்கு, அதாவது படப்பிடிப்புக்கோ ஒலிபரப்புக்கோ முன் செய்யும் ஏற்பாடுகளுக்கு, ஒரே திட்டமிடல் படிவத்தை எல்லாத் துறைகளுக்கும் வைத்துக்கொள்ளலாமா, வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தயாரிப்பு நிர்வாகம் செய்கிறேன். வானொலியிலும் விளம்பரத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். படிவம் ஒன்றாகவே இருக்கட்டும். அதை எந்த முனையிலிருந்து நிரப்புவது என்பதுதான் துறைக்குத் துறை மாறும். எந்த வேலை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதில் பிற்பாடு மாற்றவே முடியாதது எது என்பதை. அது தெரிந்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடலாம்.

நாடகத்தில் அது படப்பிடிப்பு நாள். இங்கே நம் நடிகர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. ஐந்து பேரும் ஒன்றாகக் கிடைக்கும் சனிக்கிழமை ஒன்று கைநழுவினால் அடுத்த சனிக்கிழமை கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே திரைக்கதை கைக்கு வந்ததும் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதுங்கள்: எந்த இடம், பகலா இரவா, யார் யார், என்ன உடை, என்னென்ன பொருள்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதைக்கென்று வகுத்த பக்க அமைப்பைப் பொறுத்த கணக்கு. நாம் தமிழில் தட்டச்சு செய்யும் பக்கங்களுக்கு அதை நம்ப வேண்டாம். வசனத்தை வாய்விட்டுப் படித்து, கையில் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள்.

பிறகு இடம் பார்க்கப் போவது. மாணவர்கள் இதைப் புகைப்படம் எடுக்கும் வேலையாக நினைக்கிறார்கள். காதால் கேட்கும் வேலையும் அதில் பாதி இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் திறந்த கீழ்த்தளத்தில் காட்சி என்று வைத்துக்கொள்வோம். படம் பிடிக்கப்போகும் அதே கிழமையில், அதே மணியில் அங்கே போய் உட்காருங்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம், புல்வெட்டும் இயந்திரம், பக்கத்தில் மேம்பாலத்தில் ஓடும் எம்ஆர்டி ரயில் எல்லாம் காதில் விழும். ஜூன் முதல் ஆகஸ்டு தொடக்கம் வரை சனிக்கிழமைகளில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைக்காக விமானங்கள் பறக்கும். நகரின் பக்கம் அந்த மாலைகளில் வசனக் காட்சியை வைத்தால் ஒலிப்பதிவாளர் பாவம், ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். வார இறுதிகளில் அந்த இடம் மலாய்த் திருமணங்களுக்கு முன்பதிவு ஆகியிருக்கலாம். அதை முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கேயே நடக்கும் துக்கச் சடங்கைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சீனக் குடும்பங்களில் இறுதிச் சடங்கு மூன்று, ஐந்து அல்லது ஏழு நாள்கள் நடக்கும். அப்படி ஒன்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குத்தான் முதலிடம். படக்குழு மறுபேச்சு இல்லாமல் விலகிக்கொள்ள வேண்டும், அதுதான் நியாயமும்கூட. அதனால்தான் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்ட இன்னொரு புளோக்கையும் சேர்த்தே பார்த்து வைப்பது என் வழக்கம். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம், சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதவைத் தட்ட வேண்டும். டிரோன் பறக்கவிட ஆசையிருந்தால் அதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளதைப் பதிவு செய்தாக வேண்டும். விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடத் தனி அனுமதி தேவை, நம் ஊரின் அளவுக்கு அந்த வட்டத்துக்குள் பல பேட்டைகள் வந்துவிடும்.

சூரியன் இங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணிவாக்கில் எழுந்து மாலை ஏழு மணிவாக்கில் மறைகிறது. அந்தி ஒளி சீக்கிரம் போய்விடும். அந்திக் காட்சிகள் இரண்டை ஒரே மாலையில் அடுக்காதீர்கள். பிற்பகலில் இடியுடன் மழை வரும் மாதங்களில் வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் வையுங்கள். மழை வந்தால் எடுக்க ஓர் உள்ளரங்கக் காட்சியும் தயாராக இருக்கட்டும்.

நேரலை வானொலியில் மாற்ற முடியாதது கடிகாரம். ஐந்து மணிக்குச் செய்தி என்றால் ஐந்து மணிக்குச் செய்திதான். அதற்கு முன் இரண்டு நிமிட விளம்பரமும் முப்பது விநாடி வானிலையும் இருந்தால், பாடல் 4 மணி 57 நிமிடம் 30 விநாடிக்கு முடிந்தாக வேண்டும். பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வரும் இந்தப் பழக்கத்தை வானொலியில் கற்றவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். விருந்தினர் வராவிட்டால் அவருக்கு ஒதுக்கிய நேரத்தை, எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், எதைக் கொண்டு நிரப்புவது என்பதும் நிகழ்ச்சிக் குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் வாடிக்கையாளரின் ஒப்புதல்தான் எல்லாம். படப்பிடிப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் நடிகர், உடை, இடம், காட்சி வரிசை ஒவ்வொன்றுக்கும் சம்மதம் வாங்கி, எழுத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள். சட்டையின் நிறம்கூடச் சிறிய விஷயம் இல்லை. நான்கு மொழிகளில் வெளிவரும் விளம்பரமாக இருந்தால், தமிழ்க் குரல் எத்தனை விநாடி ஓடும் என்று காட்சிகளை முடிவு செய்வதற்கு முன்பே அளந்து சொல்லுங்கள். படத்தொகுப்பு முடிந்தபின் நம்மைக் கூப்பிட்டால், முப்பது விநாடிக்குள் அடைக்கக் குரல் கொடுப்பவர் மூச்சு விடாமல் ஓட வேண்டியிருக்கும். அப்படி ஒலிபரப்பாகும் தமிழைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அனிமேஷனில் பெரும்பாலும் குரல்பதிவு முதலில் வரும். விநாடிக்கு 24 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. பிறகு ஒரு வசனத்தை மாற்றினால் உதட்டசைவு முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். ஆகவே காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு ஓவியங்களைக் குரலோடு சேர்த்து ஓடவிட்டு, அந்தக் கட்டத்திலேயே வெட்டுவதை வெட்டிவிடுவார்கள்.

ஆவணப்படம் எனக்கு மிகவும் நெருக்கமானது. அதில் மாற்ற முடியாதது முதல் சந்திப்பு. ஒரு பெரியவரைப் பார்க்கப் போகும்போதே கேமராவை நீட்டாதீர்கள். போவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களைத் தேடிப் பாருங்கள். அந்தப் பணி 1979 முதல் நடந்து வருகிறது, தமிழிலும் பதிவுகள் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களையும் புரட்டலாம். அவருடைய பேட்டையைப் பற்றி இரண்டு விவரம் தெரிந்தவராகப் போய் உட்கார்ந்தால், அவர் சொல்லத் தொடங்குவது வேறு விதமாக இருக்கும்.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒன்றை உங்கள் ஆசிரியர்கள் போதிய அளவு வலியுறுத்துகிறார்களா தெரியவில்லை: ஒப்பந்தம். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. அதன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றில், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை முதல் உரிமை படைத்தவருக்கே. முன்பு நிலைமை வேறு. ஆகவே நீங்கள் எடுப்பவராக இருந்தாலும் எடுக்கச் சொல்பவராக இருந்தாலும், உரிமை யாருக்கு என்பதைப் படப்பிடிப்புக்கு முன் ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னணி இசைக்கான அனுமதியையும் அதே கோப்பில் வையுங்கள்.

இறுதியாண்டுக் குறும்படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால், திரைக்கதையின் கடைசி வடிவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இடம் முடிவானதுமே நகர மன்றத்துக்கு எழுதுங்கள். காட்சிப் பிரிப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து இங்கே பின்னூட்டத்தில் இட்டால் பார்த்துச் சொல்கிறேன்.