சிறுபான்மைச் சமூகங்களின் வரலாறு பற்றி டிவிக்காரர்கள் எடுக்கும் ஆவணப்படத்தில் எங்கள் வீட்டுப் பெரியவரைப் பேச விடலாமா?

தாராளமாகப் பேசட்டும். ஆனால் அவர் பேசுவது முழுவதும், ஒரு நிமிடம்கூட வெட்டாமல், உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதற்குச் சம்மதித்தால் மட்டும் கேமராவை வீட்டுக்குள் விடுங்கள். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு ஒளிபரப்பு என்பதெல்லாம் அப்புறம்.

"இதனால் நம் ஆட்களுக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்லை நம்மைக் காட்சிப்பொருளாக்கிவிட்டுப் போய்விடுவார்களா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவருக்கு எண்பதை ஒட்டி வயது இருக்கும், வீட்டில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், அவருக்கு மட்டும் பேச ஆசை. இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைப் பக்கம். வாப்பா, அதாவது என் அப்பா, சங்கு குளியாளி, கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். கீழக்கரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வள்ளல் சீதக்காதி, ரத்தினக் கல் வியாபாரம், பெரிய வீடுகள், வெளிநாட்டுக் காசு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஏர்வாடியிலிருந்து அந்தப் பக்கம் பெரியபட்டினம், வேதாளை வரைக்கும் மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் சம்பாதித்த முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். வெள்ளைக்காரன் காலத்தில் மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் முத்துக்குளிப்பு நடக்கும்போது எங்கள் ஊர்க் குளியாளிகள் தூத்துக்குடிக்கும் போவார்கள், இலங்கைக் கரைக்கும் போவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்கு வாப்பா சின்னப் பையனாகக் கூடப் போனவர். அதற்கப்புறம் முத்து இல்லை, வாழ்நாள் முழுக்கச் சங்குதான். அவர் எடுத்த சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாக ஏறியது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சேனலிலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம். கடற்கரை முஸ்லிம்களின் வரலாறும் போராட்டமும் என்று தொடர் எடுக்கிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், அதையும் சொல்லிவிடுகிறேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள், உம்மா கொடுத்த தொதல் இனிப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாப்பா சட்டையில் மைக்கை மாட்டிவிட்டு, "சொல்லுங்க பாய்" என்றதும் அவர் ஆரம்பித்தார். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரைக்கும் நிறுத்தவில்லை.

எத்தனை பாகம் (ஒரு பாகம் என்றால் ஆறடி) ஆழத்தில் எந்தப் பார், அதாவது கடலடித் திட்டு, இருக்கிறது, அப்பா தீவுக்கு வெளியே எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் கல் என்று சொன்னார். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்ந்து தண்ணி தெளிந்த பிறகுதான் இறங்க முடியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினால் முதலில் சங்கு கண்ணுக்குத் தெரியாது, அது மணலில் ஊர்ந்துபோன தடம்தான் தெரியும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் கோடு முடிகிற இடத்தில் மண்ணுக்குள் பதுங்கியிருக்கும். அந்தக் கோடு எப்படி வளையும் என்று ஆள்காட்டி விரலால் பாயிலே இழுத்துக் காட்டினார். கேமரா அந்த நேரம் அவர் முகத்தில் இருந்தது, விரலைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அது தெரிந்தது.

கடனைப் பற்றியும் பேசினார். சீசனுக்கு முன்னால் முன்பணம் வாங்குவது, சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி அப்படியே நிற்பது, மறுவருடமும் அதே ஆளுக்குத்தான் குளிக்க வேண்டியிருப்பது. "கடன் குடுத்தவரும் தொழுகையில என் பக்கத்துல நிக்கிறவர்தான் தம்பி" என்றார். கேள்வி கேட்ட பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, "ஒரு முஸ்லிமா நீங்க இங்க என்ன பிரச்சினைகளைச் சந்திக்கிறீங்க?" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "குளியாளிக்குக் காது போயிரும், முட்டி போயிரும், கடன் மட்டும் போகாது" என்றார். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. வேறு மாதிரி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள், அவரும் காதைப் பற்றியும் கடனைப் பற்றியுமே சொன்னார்.

இங்கே என் ஊர்க்காரர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வியாபாரிகள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள், ஏழைப் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். எல்லாம் எனக்கும் தெரியும், நானே அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். அதற்காகக் குளியாளி பட்ட கடனைச் சொல்லக்கூடாது என்று ஆகிவிடாது. சிறுபான்மை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கூட்டம். உள்ளே இருப்பவனுக்குத்தான் யார் மாடியில் இருந்தார்கள், யார் தண்ணிக்கடியில் இருந்தார்கள் என்று தெரியும்.

ஒளிபரப்பானது. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களை மேலும் கீழுமாக நிறைய நேரம் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. சீதக்காதி வந்தார், உமறுப்புலவர் வந்தார், ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா வந்தது. உம்மா பத்திரமாக வைத்திருந்த, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்ப் புத்தகத்தின் பக்கம் புரளும் காட்சி வந்தது. பாடிக் காட்டுகிறேன் என்று உம்மா அன்றைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. படத்தில் வந்தது கை மட்டும்தான். கடைசியில் வாப்பா வந்தார். கடலைப் பார்த்தபடி வாய் அசைகிறது, மேலே பின்னணிக் குரல் "கடலை நம்பி வாழும் எளிய மக்கள்" என்று ஏதோ சொல்கிறது, சோகமான குழலோசை. அவ்வளவுதான்.

வாப்பாவுக்கு அப்போது காது பாதிக்கு மேல் போய்விட்டது. தன் காதுக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டார். "சத்தத்தைக் கூட்டு வாப்பா, நான் பேசுறது எனக்குக் கேக்கல" என்றார். கூட்டினேன். பின்னணிக் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

அவர் மௌத்தான பிறகு அந்தக் குரல் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஏங்கினோம். என் தங்கச்சி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், அவன் நேரில் போய் விசாரித்தான். அந்தக் கார்டையெல்லாம் அழித்துவிட்டு அடுத்த படப்பிடிப்புக்குப் பயன்படுத்திவிட்டோம் என்றார்கள். முக்கால்வாசிக் காலைப் பொழுது அவர் பேசியதில் மிச்சம் இருப்பது அந்தச் சத்தமில்லாத வாயசைப்பு ஒன்றுதான். இதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் அதே நிகழ்ச்சியை மறு ஒளிபரப்பு செய்தார்கள். உம்மா தனியாக இருந்தார். சேனலை மாற்றும்போது திடீரென்று வாப்பா முகம். ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் இருக்கிறது: பூர்வகுடி மக்களைப் பற்றிய நிகழ்ச்சி என்றால், இதில் இறந்துபோனவர்களின் படமும் குரலும் வரலாம் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுவார்கள். பார்க்கிற குடும்பத்துக்குக் கொடுக்கிற மரியாதை அது. இங்கே ஒரு போன் செய்து சொன்னால்கூடப் போதும், உம்மா மனசைத் தயார் செய்துகொண்டு பார்த்திருப்பார்.

டிவியில் நல்ல வேலையே நடக்கவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி ஹென்றி ஹாம்ப்டன் என்பவர் எடுத்த 'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்ற தொடரைத் தேடிப் பாருங்கள். 1987ல் ஆறு பகுதி, 1990ல் எட்டுப் பகுதி, பிபிஎஸ் என்ற பொது ஒளிபரப்பில் வந்தது. ஊர்வலத்தில் நடந்தவர்கள், அடிபட்டவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள் தாங்களே பேசுவார்கள். சம்பவ இடத்தில் இருந்தவர்தான் பேச வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. அப்படிப்பட்ட தொடருக்கே என்ன ஆனது தெரியுமா? அதில் சேர்த்திருந்த பழைய செய்திப்படம், புகைப்படம், பாட்டு இவற்றுக்கு வாங்கிய உரிமம் காலாவதியாகி, 1990களின் நடுவிலிருந்து ஒளிபரப்பவும் முடியாமல் விற்கவும் முடியாமல் கிடந்தது. புதிதாகப் பணம் திரட்டி உரிமங்களைப் புதுப்பித்து 2006ல்தான் மறுபடியும் டிவிக்கு வந்தது. ஹாம்ப்டன் 1998லேயே இறந்துபோனார், அதை அவர் பார்க்கவில்லை. ஆனால் எடுத்த பேட்டிகளை அவர்கள் தூக்கி எறியவில்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன, படத்தில் வராத பேச்சையும் சேர்த்து இணையத்தில் எழுத்து வடிவில் படிக்கலாம். நான் உங்களிடம் முழுப் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான். நிகழ்ச்சி அவர்களுடைய சொத்து, ஒருநாள் வரும், ஒருநாள் காணாமல் போகும். பெரியவர் பேசியது உங்கள் வீட்டுச் சொத்து.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை, கேள்விக்கு நேராகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். எங்கள் குளியாளிகளின் முகம் டிவியில் முழுசாக, தெளிவாக வருவது ஒரே ஒரு செய்தியில்தான்: கடல் அட்டையோடு பிடிபட்டார்கள் என்ற செய்தி. கடல் அட்டை என்பது கடலடி மணலில் கிடக்கிற, வெள்ளரிக்காய் மாதிரி உருவமுள்ள ஓர் உயிர். 2001ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பிடிக்கவே கூடாத உயிர்களின் பட்டியலில், சேர்த்தார்கள். அதுவரை ஊரறிய எடுத்து, அவித்து, காயவைத்து ஏற்றுமதிக்கு விற்ற பொருள் ஒரே உத்தரவில் குற்றமானது. எதிர்க்கரையில், இதே கடலில், இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு எடுக்கிறார்கள். கடல் அழிந்தாலும் பரவாயில்லை என்று நான் பேசவில்லை. வளம் குறைந்தது உண்மைதான், கட்டுப்பாடு வேண்டும் என்று வாப்பாவே சொல்லுவார், சிறு சங்கை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோதும் அவர் குறை சொல்லவில்லை. ஆனால் தடை போட்டவர்கள் அந்தத் தொழிலை விட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று யோசித்தார்களா? தரையில் உட்காரவைத்து, முன்னால் அட்டையைக் குவித்து, பின்னால் அதிகாரிகள் நிற்கிற அந்தப் படத்தில் மட்டும் எங்கள் ஆட்களின் பெயர், வயது, தெரு எல்லாம் சரியாக இருக்கும். வரலாற்றுத் தொடரில் அதே ஆள் 'எளிய மக்கள்', பெயர்கூட இருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள், பெரியவரைத் தனியாகப் போட விடாதீர்கள். வெட்டாத பதிவின் நகல் இத்தனை நாளுக்குள் தரப்படும் என்ற வரியை அதில் எழுதச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் செலவு என்ற சாக்கு சொல்ல முடியாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எல்லாவற்றையும் எப்படிக் காட்ட முடியும் என்பார்கள். நியாயம்தான், வெட்டிக்கொள்ளட்டும், வெட்டி ஒதுக்கியதும் சேர்ந்து உங்களுக்கு வந்தால் போதும். அவர் குரலை அடக்கிவிட்டு மேலே வேறு குரல் போடுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எழுத்தாகக் கீழே ஓடவிடுவோம் என்று சொன்னால் அது நல்லது.

அவர்கள் என்ன சொன்னாலும் நீங்களும் ஒரு போனில் பதிவு செய்யுங்கள். படம் வேண்டியதில்லை, குரல் போதும். சட்டையில் குத்துகிற மைக் கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அவர் தொழிலைக் கையால் செய்து காட்டுகிறவராக இருந்தால் கேமராக்காரரிடம் கையைக் காட்டச் சொல்லிச் சத்தமாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வீட்டில் பெரியம்மா இருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குத் தோன்றாது, நீங்களே கேளுங்கள்.

நான் இப்போது ஊரில் மிச்சமிருக்கிற குளியாளிகளை இப்படித்தான் ஒவ்வொருவராகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். எந்தச் சேனலுக்கும் கொடுக்க அல்ல, அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன், ஒரு நகல் என்னிடம். வருகிற டிவிக்காரர்களிடம் நீட்டுவதற்கு ஒரு பக்க ஒப்பந்தத் தாள் ஒன்றையும் தெரிந்த வக்கீலிடம் காட்டித் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் செய்தி அனுப்புங்கள், தருகிறேன். உங்கள் ஊர், தொழில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், நகல் பற்றிய இரண்டாவது பத்தியை மாற்ற வேண்டாம்.