மலையகத்தில் சின்ன கிளினிக்கில் வேலை செய்யும் மிருக வைத்தியர் புதிதாக எதை முதலில் படிக்க வேண்டும்?

கேட்டவர் பேராதனை மிருக வைத்திய பீடத்தில் கடைசி வருடமாம். அடுத்த வருடம் ஹட்டன் பக்கம் ஒரு கிளினிக்கில் சேரப் போகிறார். "கொழும்பில் ஸ்கேன் இருக்கிறது, செமினார் இருக்கிறது. மலையில் இருந்துகொண்டு எதைப் படிப்பது, எங்கே தொடங்குவது?" என்பது கேள்வி.

இந்தப் பக்கம் நாய், பூனை பார்த்து எனக்குப் பதினொரு வருடமாகிறது. ஸ்கேன் கிடக்கட்டும், தடுப்பூசி அட்டையில் தொடங்குங்கள்.

ஒரு லயத்து நாய்க்குட்டியால்தான் எனக்கு இது புரிந்தது. 6, 9, 12 கிழமையில் மூன்று ஊசியும் நானே போட்டு, அட்டையில் "முடிந்தது" என்று கையெழுத்தும் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் போட்டார்கள், நானும் போட்டேன். பதினான்காவது கிழமையில் அதே குட்டியைக் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் உரப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இரத்தக் கழிச்சல். அந்த வாடை வாசலிலேயே சொல்லிவிட்டது, பார்வோ: அந்த ஊசிகள் தடுக்க வேண்டிய அதே வைரஸ் நோய். அக்கா சத்தம் போடவில்லை. அட்டையை மேசையில் வைத்து, "மூணு ஊசியும் நீங்கதானே டொக்டர் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் சேலைன் ஏற்றினோம். மூன்றாம் நாள் விடிய முன்னமே போய்விட்டது.

முதலில் பிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டேன். மழைக்குக் கரண்ட் போகும் ஊர், ஊசி மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்து ஒரு கிழமை பார்த்தேன், பிழையில்லை. பிறகுதான் உலக சிறு விலங்கு மிருக வைத்தியச் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டியை ஒழுங்காகத் திறந்தேன். இணையத்தில் சும்மா கிடைக்கும் ஆவணம். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்ய விடாது. சில குட்டிகளில் அது 12 கிழமை தாண்டியும் நிற்கும். அதனால் கடைசி ஊசி 16 கிழமையிலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். 2024 பதிப்பு இன்னொன்றும் சொல்கிறது: அடுத்ததை ஒரு வருடம் கழித்துப் போடாமல் 26 கிழமையிலேயே போடு, 16இலும் பிடிக்காத குட்டி இருந்தால் அதில் பிடித்துவிடும்.

எலிக் காய்ச்சல் உள்ள நாடுகளில் அந்த ஊசியும் எல்லா நாய்க்கும் கட்டாயம் என்கிறார்கள், அதுவும் வருடா வருடம். நம் நாட்டில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வளர்ந்த நாய்க்கு டிஸ்டம்பர், பார்வோ ஊசி மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும். (கிளினிக் வருமானம் கொஞ்சம் அடிபடும். சேரப் போகும் இடத்தில் முதல் நாளே இதைப் பேசாதீர்கள்.)

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். ஈறு வெளிறி, காய்ச்சலோடு, மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போகும் நாய் உங்களிடம் கட்டாயம் வரும். நானும் முதல் சில வருடம் பார்த்த உடனே இமிடோகார்ப் என்ற ஊசி மருந்தைப் போட்டு அனுப்பினேன். சில நாய் எழும்பின, பல நாய் அடுத்த மாதமே திரும்பி வந்தன. இந்தக் காய்ச்சலைத் தருவது உண்ணி பரப்பும் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி. அதில் பெரிய வகையும் உண்டு, சின்ன வகையும் உண்டு. நம் நாட்டில் அதிகம் காண்பது பபீசியா கிப்சோனி, சின்ன வகை. இமிடோகார்ப் நன்றாகக் கேட்பது பெரிய வகைக்கு. எது என்று தெரியாமல் ஊசி போடுவது இருட்டில் கல்லெறிவதுதான்.

அதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. காது நுனியில் மயிரை வழித்து, ஊசியால் ஒரு குத்து. முதல் துளியை அப்படியே கண்ணாடித் தகட்டில் எடுத்து மெல்லிய படலமாக, அதாவது ஸ்மியராக, இழுங்கள். காலில் எடுக்கும் இரத்தத்தை விட அந்தத் துளியில் ஒட்டுண்ணி அகப்படும் வாய்ப்பு அதிகம். காற்றில் காயவைத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் ஸ்மியரின் ஓரத்தையும் வால் நுனியையும் பாருங்கள். சோடியாக நிற்கும் பேரிக்காய் வடிவம் பெரிய வகை. சின்ன மோதிரமும் புள்ளியும் என்றால் கிப்சோனி. சாயத்தின் அழுக்கை ஒட்டுண்ணி என்று நினைத்து நானே ஏமாந்திருக்கிறேன். லென்ஸை மேலும் கீழும் அசைத்தால், கலத்துக்கு உள்ளே இருப்பதா மேலே கிடப்பதா என்று தெரியும்.

கிப்சோனிக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள். அட்டோவாகுவோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். மலேரியா மருந்து அது, எங்கள் ஊர் பார்மசியில் நான் கண்டதில்லை. வரவழைத்தாலும் எல்லோராலும் வாங்க முடியாது. வாங்க முடியாதவர்களுக்கு கிளின்டாமைசின், டொக்சிசைக்கிளின், மெட்ரோனிடசோல் சேர்த்துக் கொடுக்கிறேன். நாய் தேறும், ஒட்டுண்ணி முழுதாகப் போகாமல் இருக்கலாம். அதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு யாராவது சொறிக்கு ஸ்டீராய்ட் போட்டால் அடங்கிக் கிடந்தது திரும்ப எழும்பும். கிப்சோனி நாய்க்கு நாய் கடியிலும் பரவும் என்பதால், சண்டைக்கார நாய் என்றால் உண்ணி காணாவிட்டாலும் ஸ்மியர் எடுங்கள்.

மற்றவை போகப் போக வரும். பூனைக்குப் பெனடோல் கொடுக்காதீர்கள், நாய்க்கு விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தையும் விடாதீர்கள் என்று ஒரு தாள் எழுதி வாசலில் ஒட்டுங்கள். உண்ணிக்கு இப்போது வரும் மாத்திரைகள் நல்லவைதான், வலிப்பு வந்த நாயா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். இதயம் நின்ற நாய்க்கு நெஞ்சை அமுக்கும் முறையைப் பற்றிய ரிகவர் வழிகாட்டியும் 2024இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. உதவிக்கு நிற்கும் பையனோடு தலையணையில் பழகிப் பாருங்கள்.

படிக்கும் விதம் என்றால், என்னிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. செத்த நாய், திரும்பி வந்த நாய் இரண்டும் அதில் ஏறும். ஞாயிறு இரவு அதைப் பார்த்துத்தான் அந்தக் கிழமை எதைப் படிப்பது என்று முடிவு. வெபினார் பாதியில் சிக்னல் போகும், ரெக்கோர்டிங்கை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வேன். விளங்காத ஸ்மியர்களைச் சேர்த்து வைத்து, மாதம் ஒரு தடவை ரயிலேறி நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனை போவேன். நீங்கள் இப்போதே அங்கே இருக்கிறீர்கள். போகும் முன் ஸ்மியர் பார்க்கத் தெரிந்த ஒருவரோடு பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா போன வருடம் இன்னொரு குட்டியோடு வந்தார். எங்கள் அட்டையில் குட்டிக்கு மூன்று கட்டம்தான் அச்சடித்திருக்கிறது. நான்காவதையும் ஐந்தாவதையும் பேனாவால் கோடு போட்டு, 16, 26 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் சொன்ன நாளிலேயே கூட்டிக்கொண்டு வந்தார்.