டை ராடு எண்டு போச்சு என்கிறார்களா? முதலில் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார், உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் தினமும் ஓடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'கட கட' சத்தம். ஸ்டீயரிங்கும் லூஸாக இருக்கிறது. வீல் அலைன்மென்ட் செய்தும் ஒரே மாதத்தில் டயரின் உள் ஓரம் மறுபடி தேய்கிறது. ஒர்க்‌ஷாப்பில் "டை ராடு எண்டு போச்சு, அதோடு ஸ்டீயரிங் ராக்கையும் மாத்திடலாம்" என்று 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
- செக்கானூரணி வாசகர்

பதில்: டை ராடு எண்டு போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் அதற்குப் பொருந்துகின்றன. ராக் விஷயத்தில்தான் அவசரப்பட வேண்டாம். எண்டு சில நூறு ரூபாய்ச் சாமான், ராக் பல ஆயிரம்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிற பல் சட்டம்தான் ராக். அதிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டுதான் டை ராடு எண்டு. உள்ளே ஒரு குண்டு, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் மழைத் தண்ணீரும் உள்ளே புகும். அப்புறம் குண்டு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். அந்த ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்தால் மெஷினில் எல்லாம் பச்சையாகத்தான் காட்டும், ரோட்டில் நிற்காது. உங்கள் அலைன்மென்ட் காசு போன வழி இதுவாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று கையில் தட்டுகிறதா? எண்டில் ஆட்டம் இருக்கலாம், கம்பியின் உள்பக்கம் உள்ள ராக் எண்டிலும் இருக்கலாம். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில் பிடித்தால் ஆடுகிறது என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் மூட்டு) பக்கம் போக வேண்டும். எது என்று உறுதியாக, காரைத் தரையில் இறக்கி இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இப்படியும் அப்படியுமாக அசைக்கட்டும். நீங்கள் எண்டின் மேல் விரல் வையுங்கள். கம்பி நகர்ந்து, சக்கரம் ஒரு கணம் தாமதமாக நகர்ந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். இதையெல்லாம் செய்து காட்ட மறுக்கிற ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

டயரையும் தடவிப் பாருங்கள். குறுக்காக ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும், திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டிருக்கிறது.

வேகத்தடைச் சத்தம் மட்டும் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது, வளைவில் கார் சாயாமல் தாங்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் லிங்க் ராடைத்தான். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ராக்கிலேயே ஆட்டமோ ஆயில் கசிவோ இருப்பதைக் காட்டினால் அப்போது ராக்கைப் பற்றிப் பேசலாம்.

மாற்றும்போது நல்ல மெக்கானிக், எண்டை நகராமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதையும் அதே அளவுக்கு ஏற்றுவார். அது அலைன்மென்ட் சென்டர் வரை ஓட்டிப் போகத்தான். அலைன்மென்ட் கட்டாயம், முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் அது புதிதாக இருக்கட்டும். வெல்டிங் வைத்தோ தட்டியோ பழையதையே ஓட்டலாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்னொரு பக்க எண்டில் ஆட்டமும் இல்லை, உறையும் கிழியவில்லை என்றால் அப்படியே விடலாம். ஆனால் அதிகம் ஓடிய வண்டி என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இன்னொரு அலைன்மென்ட் கூலியாவது மிஞ்சும்.

கேள்வி: ஒரிஜினலா, லோக்கலா? திருமங்கலத்தில் நான் வாங்கிய எண்டு புதிதிலேயே ஆடுகிறது. பில்லும் தரவில்லை, "விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார் கடைக்காரர்.

பதில்: கார் கம்பெனி பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ரானே மாதிரி ஸ்டீயரிங் சாமான் செய்வதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் இருக்கின்றன. பெயரில்லாத பெட்டி வேண்டாம். தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சொல்லிப் பார்ட் நம்பர் கேளுங்கள், பல கார்களில் இடதும் வலதும் வேறு. புது எண்டின் குண்டை விரலால் அசைத்தால் இறுக்கமாக நகர வேண்டும், தொளதொளவென்று விழக்கூடாது.

பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் எழுதியிருக்கும் காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். கடையில் எழுதி மாட்டியிருக்கும் போர்டு சட்டத்தை மாற்றாது. ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் பெட்டியும் பத்திரம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: எண்டில் ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இந்த வாரம் கொடைக்கானல் போய் வந்த பிறகு மாற்றலாமா?

பதில்: கூடாது. மூட்டு கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. மலைப்பாதை வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாற்றுகிற வேலை பெரும்பாலும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். முடித்துவிட்டு மத்தியானமே கிளம்புங்கள்.